புழுவென்று நாம் சொல்வன

கண்டியிலிருந்து வத்தேகம வழியாகப் பன்விலைக்கு ஏறும் பாதையை உங்களுட் பலர் அறிந்திருப்பீர்கள். பாதையின் இரு மருங்கும் தேயிலை. அதற்கும் மேலே, மூடிய கையின் விரல் மூட்டுக்களைப் போல வரிசையாக எழுந்து நிற்கும் மலைமுடிகள். ஆங்கிலேயர் அம்மலைத்தொடருக்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டது அந்தத் தோற்றம் பற்றியே. சிங்கள மக்கள் அதனைத் தும்பறை என்கின்றனர். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகீழ்ப் பருவக்காற்றும் மாறி மாறி நனைக்கும் மண் அது. அந்தச் சாரலிலே, ஒரு தோட்டப் பாடசாலையில், நான் சில ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தேன். இன்று உங்களுக்குச் சொல்லப்போகும் விஷயம் அங்கே ஒரு நாட் காலையில் எனக்கு அகப்பட்டதாகும்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. பாடசாலைக்குக் கீழேயுள்ள மலையில் நாலைந்து பேர் கான் வெட்டிக்கொண்டிருந்தனர். திடீரென்று கூச்சல் எழுந்தது. போய்ப் பார்த்தேன். மண்வெட்டி பட்டு இரு துண்டாகிய ஒரு பிராணி சேற்றிலே நெளிந்துகொண்டிருந்தது. சாணுக்குச் சற்று மேற்பட்ட நீளம், விரலளவு பருமன், ஊதா கலந்த கரிய நிறம், இரு பக்கத்திலும் கோடிழுத்தாற் போல ஒரு மஞ்சட் பட்டை. உடல் முழுவதும் நெருக்கமான வளையங்கள். கால் இல்லை, கண்ணும் இருப்பதாகத் தெரியவில்லை.

“பாம்புங்க மாஸ்டர்” என்றார், வெட்டிய இளைஞர்.

“பாம்பில்லை, மண்புழுதான். இது பெரிய சாதி” என்றார் மற்றொருவர்.

அவர்களுள் மூத்தவர் ஒருவர் இருந்தார். தோட்டத்தில் எல்லாரும் அவரைப் பெரியவர் என்றே அழைப்பர். அவர் குனிந்து பார்த்து, வெட்டு வாயை ஒரு குச்சியாற் கிளறிவிட்டுச் சொன்னார்: “பாம்புன்னா செதில் இருக்கணும். புழுன்னா எலும்பு இருக்கக் கூடாது. இதுல செதிலைக் காணோம். ஆனா எலும்பு இருக்கே!”

நேயர்களே, விலங்குகளைப் பாகுபடுத்தும் விஞ்ஞானம் முழுவதற்கும் வித்தாக உள்ள வினாவை அந்தப் பெரியவர் கேட்டுவிட்டார். வெளித்தோற்றத்தை அவர் நம்பவில்லை. இன்னது இருந்தால் இன்னது இருக்க வேண்டும், இன்னது இருக்கலாகாது என்று உடலின் அமைப்பைக் கொண்டு வழக்காடினார். அந்த வழக்கு எப்படித் தீர்ந்தது என்பதைச் சொல்வதற்கு முன், இத்தகைய வழக்கு நெடுநாளாக நடந்துவருவது என்பதைச் சிறிது நினைவூட்டுகின்றேன்.

நம் முன்னோர் உயிர்களை வகுத்த முறையை நீங்கள் அறிவீர்கள். தொல்காப்பிய மரபியல், ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் வரை, புலன்களின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டு உயிர்களை வரிசைப்படுத்துகின்றது. புல்லும் மரமும் ஓரறிவு. நந்து முதலியன ஈரறிவு. கறையானும் எறும்பும் மூவறிவு. நண்டும் தும்பியும் நாலறிவு. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் வேறோர் அளவுகோலை எடுத்தார்: செங்குருதி உடையவை, இல்லாதவை என்பது அது. இரண்டுமே கூர்ந்து நோக்கியவர்கள் செய்த பாகுபாடுகள்; எள்ளி ஒதுக்கத்தக்கன அல்ல. ஆயினும் ஒரே ஓர் அடையாளத்தைக் கொண்டு உலகத்து உயிர்களையெல்லாம் அளக்கப் புகுந்தால், அந்த அளவுகோலுக்கு வசப்படாத உயிர் எங்கோ ஒரு கானிலிருந்து எழுந்து வந்துவிடும். மண்புழுவை வெட்டிப் பாருங்கள்: எலும்பு இல்லை, ஆனால் குருதி சிவப்பு.

சுவீடன் தேசத்து லின்னேயசு, 1758 ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலின் பத்தாம் பதிப்பிலே, விலங்குகளை ஆறு வகுப்பாக்கினார். முலையூட்டி, பறவை, ஈரூடகவாழி, மீன், பூச்சி என ஐந்தை ஒருவாறு செம்மையாகப் பிரித்துவிட்டு, மிஞ்சியவற்றையெல்லாம் ஆறாவதாகப் ‘புழு’ என்ற மூட்டைக்குள் கட்டிப் போட்டார். நத்தையும் புழு, கணவாயும் புழு, நட்சத்திர மீனும் புழு. நம் வீடுகளில் எந்த அலுமாரியிலும் அடங்காத பொருள்களை ஒரு பெட்டியில் இட்டு வைப்போமே, அத்தகைய பெட்டி அது. அதன் பின்னர் வந்த விலங்கியலார் அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அறுத்துப் பார்த்து, உரிய இடத்தில் வைப்பதிலேயே பெரும் பொழுதைச் செலவிட்டனர் எனலாம். 1817 ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துக் குவியே, உடல் கட்டப்பட்டுள்ள திட்டம் எதுவெனப் பார்த்து, முள்ளந்தண்டுடையன, மெல்லுடலிகள், துண்டுபட்ட உடலின, ஆரையமைப்பின என விலங்குலகை நான்கு பெரும் கிளைகளாக்கினார். கட்டடத்தைச் சுவரின் வர்ணத்தால் அன்றி, அத்திவாரத்தாலும் தூண்களாலும் அறிவது போன்ற முறை இது.

அந்தத் திட்டங்கள் யாவை? விரைவாகச் சொல்லிச் செல்கின்றேன். மன்னார்க் கடலின் முத்துச் சலாபத்தில், சிப்பிகளுக்கிடையே கடற்பஞ்சுகள் வாழ்கின்றன. 1902 ஆம் ஆண்டு பேராசிரியர் ஹேர்ட்மன் அந்தச் சலாபத்தை ஆராய வந்தார். அவர் திரட்டிய கடற்பஞ்சுகளை மட்டும் விவரிக்கவே ஆதர் டெண்டி என்பவர் தனி அறிக்கை எழுத வேண்டியிருந்தது. இந்தப் பஞ்சின் உடலிலே கலங்கள் உள. வேலைப் பங்கீடும் உண்டு. ஆனால் அவை கூடி உண்மையான இழையங்களாகவில்லை. அடுத்த படி இழுதுமீனும் அதன் சுற்றத்தாரும்: உடற்சுவரில் இரண்டு படை, நடுவே ஒரு குழி, அதற்கு ஒரே வாய். உடல் வண்டிச் சக்கரம் போல ஆரைச் சமச்சீரானது. வலம் இடம் என்பது அதற்கில்லை. அதற்கும் அப்பால், முன் பின், மேல் கீழ், வலம் இடம் என்னும் திசைகள் உடலிலேயே அமைந்த இருபக்கச் சமச்சீர் விலங்குகள். ஊர்ந்து செல்லும் உயிருக்கு முன்பக்கம் வேண்டும். முன்பக்கத்தில் தலை வேண்டும். நம் தலையும் அந்த வழியில் வந்ததே.

இனிப் பன்விலை மண்ணுக்கு மீளுவோம். அங்கே ‘புழு’ என்று மக்கள் சொல்வனவற்றை வரிசையாக எடுத்துப் பார்த்தால், உடலமைப்பின் பெரும்பாகுபாடுகள் ஒரு மண்வெட்டி மண்ணுக்குள்ளேயே அகப்பட்டுவிடும்.

மழைக்காலத்து இரவுகளிலே, விறகுக் கட்டைக்கு அடியிலும் பூந்தொட்டிக்கு அடியிலும், நாடா போலத் தட்டையான ஒரு பிராணி வழுவழுவென்று ஊர்ந்து செல்லும். அவற்றுட் சிலவற்றின் தலை விசிறி போல விரிந்திருக்கும். அது தட்டைப்புழு. அதற்கு உடற்குழி என்பதே இல்லை. தோலுக்கும் குடலுக்கும் இடையே முழுவதும் இழையம் அடைத்திருக்கும். வாய் தலையில் இல்லை, வயிற்றின் நடுவில் இருக்கின்றது! கழிவு வாசல் வேறாக இல்லை. உண்ட வாயாலேயே எச்சத்தையும் வெளியேற்ற வேண்டும். இது மண்புழுவை வேட்டையாடி உண்பது. இரண்டையும் ‘புழு’ என்று ஒரே சொல்லால் அழைப்பது, புலியையும் மானையும் ‘நாலுகால்’ என்று அழைப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத, ஆனால் தோட்டத்து மக்களை நெடுங்காலம் வாட்டிய ஒன்று: கொக்கிப்புழு. இதைப் பற்றிச் சிறிது விரிவாகப் பேச விரும்புகின்றேன். ஏனெனில், ‘எல்லாம் புழுதானே’ என்ற நினைப்பு எவ்வளவு கேடு செய்யக்கூடும் என்பதை நான் கண்ணாரக் கண்டது இதன் காரணமாகவே.

நான் பணியாற்றிய தோட்டத்தின் லயன் ஒன்றிலே ஒரு பாட்டியார் இருந்தார். பேரப்பிள்ளை எங்கள் பாடசாலை மாணவி, ஒன்பது பிராயம். பிள்ளையின் கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருக்கும், முகம் சற்றே ஊதியிருக்கும், வகுப்பிலே உறங்கிவிடுவாள். பாட்டியாருக்குக் காரணம் தெரியும் என்ற எண்ணம். மழை பெய்த மறுநாள் வாசலில் ஊரும் மண்புழுக்களைத் துடைப்பத்தாற் கூட்டித் தூர எறிவார். அவைதாம் பிள்ளையின் வயிற்றுக்குள் புகுந்துவிடுகின்றன என்பது அவர் நம்பிக்கை. இனிப்புத் தின்பண்டத்தையும் மறுத்துவிட்டார். அத்தனையும் அன்பினாற் செய்தவை. ஆனால் அதே பிள்ளை, லயனுக்குப் பின்னால், மக்கள் வெளிக்குச் செல்லும் ஈரமான நிலத்தில் நாள்தோறும் வெறுங்காலோடு நடந்து திரிந்தாள். அதை ஒருவரும் தடுக்கவில்லை.

பாட்டியாரின் எண்ணம் விசித்திரமானது என்று சிரிக்காதீர்கள். படித்தவர்களும் ஒருகாலத்தில் அவ்வாறே மயங்கினர். மனிதர் குடலில் வாழும் நீண்ட உருண்டைப்புழுவும் மண்புழுவும் ஓரினமே என்ற எண்ணம் ஐரோப்பாவில் நிலவியது. அந்த உருண்டைப்புழுவின் விஞ்ஞானப் பெயரிலே ‘மண்புழுவை ஒத்தது’ என்ற பொருள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. 1683 ஆம் ஆண்டில் இலண்டனில் எட்வேட் டைசன் என்ற வைத்தியர் இரண்டையும் அறுத்து ஒப்பிட்டார். மண்புழு ஒவ்வொன்றிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒருங்கே இருந்தன; குடற்புழுவிலோ ஆண் வேறு, பெண் வேறு. மண்புழு வளையம் வளையமாகத் துண்டுபட்டது. குடற்புழு முழுமையான ஒரே குழாய். மண்புழு தோற்றினால் குடற்புழுவாகிவிடாது என்பதை உள்ளமைப்பே நிலைநாட்டியது.

கொக்கிப்புழுவும் அத்தகைய குழாயுடலியே. அதன் உடலில் துண்டங்கள் இல்லை. மேலே கடினமான ஒரு போர்வை. அதை அது வளரும்போது கழற்றிக் கழற்றிப் புதியதை அணியும். குடற்சுவரைக் கவ்விப் பிடித்துக் குருதியை உறிஞ்சும். அதன் முட்டை மலத்தோடு மண்ணுக்கு வரும். நிழலும் ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணிலே குடம்பி வெளிவரும். அந்தக் குடம்பி வாய்வழியாக வருவதற்குக் காத்திருப்பதில்லை, பாதத்தின் தோலைத் துளைத்தே புகும். இதனை முதலில் உணர்ந்தவர் கெய்ரோவில் ஆராய்ச்சி செய்த ஆதர் லூஸ். குடம்பிகள் இருந்த நீர் அவர் கைமேல் தற்செயலாகச் சிந்தியது, தோல் அரித்தது, அவரே நோயாளியானார், 1898 ஆம் ஆண்டு அதனை எழுதி வெளியிட்டார். தோலிலிருந்து குருதி வழியாக நுரையீரலுக்கும், அங்கிருந்து தொண்டைக்கும், விழுங்கப்பட்டுக் குடலுக்கும் செல்வது அதன் பயணம். இலங்கையில் இந்நோய்க்கெதிரான பெரு முயற்சி 1916 ஆம் ஆண்டு ரொக்கபெல்லர் நிறுவனத்தின் துணையோடு மாத்தளைப் பகுதியிலே, அதாவது நம் பன்விலை மலைகளுக்கு அடுத்த புறத்திலே, தொடங்கியது. மருந்தோடு மலகூடமும் வேண்டும் என்று அன்றே சொன்னார்கள். தோட்டங்களில் அது நிறைவேற எத்தனை காலம் சென்றது என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் என்னைவிட நன்கறிவர்.

அந்தப் பிள்ளைக்கு மருந்து கிடைத்தது, தேறினாள். பாட்டியார் மண்புழுவைக் கூட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

இனி மண்புழுவையே எடுத்துக்கொள்வோம். அது ஏழையின் நண்பன், உழவனின் தோழன் என்றெல்லாம் புகழப்பட்டுவிட்டது. நான் வேறொன்று சொல்கின்றேன். அதன் உடல் ஒரு புகையிரதம் போன்றது. ஒரே மாதிரியான பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுள்ளன. பெட்டிக்குப் பெட்டி உள்ளே தடுப்புச் சுவர். பெட்டிதோறும் கழிவு நீக்கும் நுண்குழாய்கள், நரம்புத் திரட்டு, மண்ணைப் பற்றும் நுண் மயிர்கள். குடலுக்கும் உடற்சுவருக்கும் இடையே நீர் நிறைந்த உண்மையான உடற்குழி உண்டு. அதனால் குடல் தனியே அசையலாம், உடல் தனியே நெளியலாம்.

அட்டையும் இதே கூட்டத்தது. 1681 ஆம் ஆண்டு வெளிவந்த நூலிலே, கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபட் நொக்ஸ் இந்த அட்டைகளின் தொல்லையை எழுதாமல் விடவில்லை. கொழுந்தெடுக்கும் பெண்களின் காலை நாடி வரும் அந்த அட்டையை ஒரு கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால் உடல் முழுவதும் வளையங்கள் தெரியும். ஆனால் எண்ணி ஏமாறக்கூடாது. வெளியே தோலில் தெரியும் பல வளையங்கள் சேர்ந்தே உள்ளே ஒரு துண்டமாகின்றன. வெளிக்கணக்கு வேறு, உட்கணக்கு வேறு. இந்தச் சிறு செய்தியை மனத்தில் வையுங்கள். நம் கானில் வெட்டுண்ட பிராணியிடம் செல்லும்போது வேண்டியிருக்கும்.

மண்புழுவின் உடலில் இன்னொரு வியப்பும் உண்டு. அதன் பிரதான நரம்பு வயிற்றுப் பக்கமாக ஓடுகின்றது. முதன்மையான குருதிக்குழாய் முதுகுப் பக்கத்தில். நமக்கோ, மீனுக்கோ, தவளைக்கோ, நேர் மாறு: நரம்பு முதுகிலே, இதயம் கீழே. 1822 ஆம் ஆண்டில் பிரான்சியரான செயின்ற் இலயர், முள்ளந்தண்டு விலங்கென்பது மல்லாந்து கிடக்கும் துண்டுடலியே என்றார். உலகம் நகைத்தது. 1830 ஆம் ஆண்டு பாரிசில் குவியேயும் அவரும் விலங்குகளின் உடற்றிட்டம் பற்றி அறிஞர் அவையிலே நேருக்கு நேர் வாதிட்டனர். வெற்றி குவியேயின் பக்கம் என்றே அன்று பலரும் கருதினர். ஆனால் 1990களில், கருவிலே முதுகெது வயிறெது என்று தீர்மானிக்கும் பரம்பரையலகுகளை ஆராய்ந்தவர்கள், ஈயில் ஒரு பக்கம் வேலை செய்யும் அலகு தவளையில் எதிர்ப்பக்கம் வேலை செய்வதைக் கண்டார்கள். மல்லாந்து கிடக்கின்றோம் என்ற பேச்சு அத்துணைப் பிழையன்று!

சரி, கானில் வெட்டுண்டது யாது?

அன்று மாலை அதனை மதுசாரத்தில் இட்டு, மறுநாள் மூத்த மாணவர்களின் முன்னிலையில் அறுத்துப் பார்த்தேன். முள்ளந்தண்டு இருந்தது, ஆகவே பெரியவர் சொன்னபடி புழு அன்று. முதுகுப்புறத்தில் நரம்பு வடம். கீழே இதயம், அதில் மேலறை இரண்டு, கீழறை ஒன்று. ஈரல் உண்டு, நுரையீரல் உண்டு, இடப்புறத்தது மிகச் சிறிது. வாயிலே கூரிய பற்கள். கண் இல்லாமலில்லை, தோலின் அடியில் மங்கலாகப் புதைந்திருந்தது. கண்ணுக்கும் நாசித்துவாரத்துக்கும் இடையே ஒரு சிறு உணரி. குடலைப் பிளந்தபோது உள்ளே அரைகுறையாகச் செமித்த மண்புழு கிடந்தது, பிள்ளைகள் ஆரவாரித்தனர். வளையங்களை எண்ணினோம். முந்நூற்றைத் தாண்டியது, முள்ளெலும்புகளோ அதிற் பாதிக்கும் குறைவு. அட்டையிற் போலவே இங்கும் தோலின் கணக்கும் உள்ளுடலின் கணக்கும் ஒன்றாகவில்லை. மண்புழுவின் வளையத்துக்கும் இதன் வளையத்துக்கும் தோற்றத்தில் ஒற்றுமை உண்டு, உறவில் இல்லை.

அப்படியாயின் பாம்பா? அந்த மண்ணிலேயே மண்ணுளிப் பாம்புகள் சிலவும் வாழ்கின்றன. வால் கேடயம்போல மழுங்கி முடியும் அவை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மாத்திரமே உள்ள ஒரு குடும்பத்தைச் சேர்ந்தன, நஞ்சற்றவை, அவையும் மண்புழுவையே உண்பன, மண்வெட்டிக்கு அவையும் நாள்தோறும் பலியாகின்றன. ஆனால் அப்பாம்பின் உடலை வழுக்கான, உலர்ந்த செதில்கள் ஓடு வேய்ந்தாற்போல மூடியிருக்கும். நம் பிராணியின் தோலோ ஈரமானது, பசைச் சுரப்பிகள் நிறைந்தது. தோலால் மூச்சு விடவும் வல்லது. வளையங்களின் மடிப்பினுள்ளே உருப்பெருக்கியால் தேடிப் பார்த்தால் மட்டும் நுண்ணிய செதில்கள் புதைந்து கிடப்பது தெரியும். பெரியவர் செதிலைக் காணவில்லை என்றது சரி. இல்லை என்பது சரியன்று.

இதன் பெயர் இக்தியோபிசு குளுட்டினோசுசு. இக்தியோபிசு என்றால் கிரேக்கத்தில் மீன்பாம்பு. குளுட்டினோசுசு என்றால் பசையுள்ளது. மீனுமன்று, பாம்புமன்று. லின்னேயசு 1758 இல் இதனைப் பாம்புகளோடு சேர்த்திருந்தார். பின் வந்த சிலர் தவளையின் பக்கமாகச் சாய்ந்தனர். 1831 ஆம் ஆண்டு யொகன்னசு முல்லர் என்ற செருமானிய அறிஞர், ஒல்லாந்தின் லெய்டன் நூதனசாலையில் போத்தலிலிருந்த இத்தகைய குட்டியொன்றின் கழுத்தருகே செவுட் துவாரம் இருப்பதைக் கண்டார். பாம்புக் குட்டிக்குச் செவுள் ஏது?

முழுக் கதையையும் வெளிப்படுத்தியது நம் தேசத்து மண்ணே. சுவிற்சலாந்தின் பாசல் நகரத்திலிருந்து போல் சராசின், பிரிற்சு சராசின் என்ற உறவினர் இருவர் 1883 ஆம் ஆண்டு இலங்கை வந்து 1886 வரை ஆராய்ச்சி நடத்தினர். தாய், நீர்நிலைக்கு அண்மையான ஈரமண்ணில் வளை தோண்டி, பெரிய முட்டைகளையிட்டு, அவற்றைச் சுற்றித் தன் உடலைச் சுருட்டிக் காத்துக் கிடப்பதை அவர்கள் கண்டார்கள். முட்டைக்குள்ளே இருக்கும் கருவுக்குச் சிறகு போன்ற மூன்று சோடி வெளிச்செவுள்கள். பொரிக்கும்போது அவை போய்விடும். பின்னர் அந்தக் குடம்பி, வாலில் துடுப்போடும் கழுத்தில் செவுட் துவாரத்தோடும், சில காலம் ஓடைநீரில் வாழ்ந்து, உருமாறி, நிலத்துக்குள் புகும். தவளையின் வாற்பேய்க்கும் இதற்கும் உள்ள உறவு அங்கே ஐயமறப் புலப்பட்டது. 1887 ஆம் ஆண்டு தொடங்கி அவர்கள் வெளியிட்ட இலங்கை ஆராய்ச்சி நூல்களில் ஒரு பாகம் முழுவதும் இந்த ஒரு பிராணிக்கே உரியது.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. வாற்பேய்ப் பருவம் இருந்தால்தான் ஈரூடகவாழி என்று விதி வகுத்துவிடவும் முடியாது. நக்கிள்ஸ் காடுகளில் வாழும் சிறு மரத்தவளைகள் பல, நீர்நிலையை நாடுவதே இல்லை. அவற்றின் முட்டையிலிருந்து வாற்பேய் வராது, குட்டித் தவளையே வெளிவரும். இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட தவளை இனங்கள் உண்டு. அவற்றுட் பெரும்பங்கு இத்தகைய மரத்தவளைகளே என்பது 2000க்குப் பின்னர்தான் நன்கு தெரிய வந்தது. ஆகவே, காலற்ற இக்தியோபிசுவுக்கு வாற்பேய் உண்டு. காலுள்ள தவளைக்கு அது இல்லை. எந்த ஓர் அடையாளமும் தனித்து நின்று சாட்சி சொல்ல முடியாது. தோல், இதயம், பல், கரு, எலும்பு எல்லாவற்றையும் கூண்டில் ஏற்றி விசாரித்த பின்பே தீர்ப்பு.

மண்ணுக்குள் வாழ்வோர் யாவரும் ஏன் ஒரே சாயலாகின்றனர் என்று கேட்பீர்கள். குறுகிய வளையில் கால் இடையூறு. இருளிலே கண் வீண். நீண்டு உருண்ட உடலே அங்கே பயன் தரும். வௌவாலுக்கும் பறவைக்கும் சிறகு தந்த அதே தேவை இவற்றுக்கும் ஒரே வடிவைத் தந்தது. தொழிலாலே ஒத்தவற்றை அமைப்பாலே ஒத்தவை என்று மயங்குவதுதான் பாகுபாட்டில் நேரும் பெரும் பிழை.

அமைப்பையே நம்பியவர்களும் பிழைபடவில்லையா என்றால், பட்டனர். உடற்குழி இல்லாத தட்டைப்புழு, போலிக்குழியுள்ள உருண்டைப்புழு, உண்மைக்குழியுள்ள மண்புழு, அதன்மேல் பூச்சி என்று ஏணிப்படி போல அடுக்கி நாங்களும் படித்தோம், பிள்ளைகளுக்கும் படிப்பித்தோம். துண்டுபட்ட உடல் இரண்டுக்கும் பொது என்பதால் மண்புழுவும் எறும்பும் நெருங்கிய உறவினர் என்று குவியே காலந் தொட்டு நம்பிவந்தோம். 1997 ஆம் ஆண்டிலே பரம்பரைப் பொருளின் எழுத்துக்களை ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர் சிலர் அந்த ஏணியைச் சாய்த்துவிட்டனர். போர்வையைக் கழற்றி வளரும் விலங்குகளெல்லாம் ஒரு குலம் என்றனர். பிற்கால ஆராய்ச்சிகளும் பெரிதும் அதையே வலியுறுத்துகின்றன. அதன்படி எறும்புக்கு உறவு மண்புழு அன்று. நம் பிள்ளைகளின் குருதியை உறிஞ்சிய கொக்கிப்புழுவே! மண்புழுவுக்கு உறவோ நத்தை. உண்மையில், எறும்பும் கொக்கிப்புழுவும் தோலுரிப்பதை யாவரும் கண்டிருந்தனர். அந்த அடையாளத்துக்கு உரிய நிறை கொடுக்கத்தான் தவறினர். அமைப்பு பொய் சொல்லவில்லை; எதைப் பெரிதாக மதிப்பது என்பதில் நாம் தடுமாறினோம்.

சில வாரங்களுக்குப் பின், ஒரு பின்னேரம், பெரியவர் பாடசாலை வாசலில் வந்து நின்றார். கையிலே பழைய பால்மாத் தகரம், அதற்குள் ஈரமண், மண்ணுக்குள் முழு உயிரோடு ஓர் இக்தியோபிசு. கானில் கண்டு வெட்டவிடாமற் கொண்டுவந்ததாகச் சொன்னார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு மஞ்சட் பட்டையைத் தொட்டுப் பார்த்தனர். விரலிலே பசை ஒட்டிற்று.

“இதுக்கு நம்ம பாசையில என்ன பேரு மாஸ்டர்?” என்று கேட்டார்.

விஞ்ஞானப் பெயரைச் சொன்னேன். அவர் வாயில் அது நுழையவில்லை. இது தவளையின் உறவினன் என்பதை விளக்கினேன். செவுளையும் வாற்பேயையும் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ தவளைக்குச் சொந்தக்காரன்” என்றார்.

பிறகு தகரத்தை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கமாக இறங்கிப் போனார். கரையிலே புல்லை விலக்கி, மண்வெட்டியை எடுக்காமல், கையாலேயே பள்ளம் தோண்டி அதனை விட்டார். முதலில் தலை புகுந்தது. பிறகு உடல் முழுவதும் மண்ணுக்குள் மறைந்தது.